கரியும் காதல் பாட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அந்த நாடகத்தில் உனக்குக் கிடைத்த வேடத்தைப் பற்றி நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனைதான். தலையை ஆட்டி ஆட்டி, இந்தியர்கள் என்றால் இப்படித்தான் என்று அங்கே நினைக்கிற மாதிரி ஆங்கிலம் பேசச் சொல்கிறார்களாமே. "காசு வருதில்ல, பேசிட்டுப் போகட்டும்" என்கிறார் அப்பா. எனக்கு பெர்ட் வில்லியம்ஸ் ஞாபகம் வந்தார்.

பஹாமாஸ் தீவுகளில் பிறந்து, நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்க மேடைகளில் நடித்த கறுப்பினக் கலைஞர் அவர். நிறம் கொஞ்சம் வெளுப்பு. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து ஆடியதையே பார்த்துப் பழகிய ரசிகர்கள். அதனால் கறுப்பரான அவரும் எரித்த கார்க்கின் கரியைப் பூசிக்கொண்டுதான் மேடையேறினார். மேடையில் பேசிய கொச்சைகூட அவர் வளர்ந்த வீட்டுப் பேச்சு இல்லை, கற்றுக்கொண்டது. உன் கஷ்டமும் அவர் கஷ்டமும் ஒன்று என்று சொல்லவில்லை. அவர் காலத்து அமெரிக்காவில் கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து மரத்தில் தூக்கிலிட்டார்கள்.

ஆனால் அவர் கரியோடு நின்றுவிடவில்லை. 1903இல் கூட்டாளி ஜார்ஜ் வாக்கரோடு 'இன் டஹோமி' என்ற இசை நாடகத்தை, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குக் கொண்டுவந்தார். எழுதியதும் நடித்ததும் கறுப்பர்கள். இசை, பெர்லினில் வயலின் படித்த வில் மேரியன் குக். பிராட்வேயின் பெரிய அரங்கொன்றில் அப்படியொரு முழுநீள இசை நாடகம் அதுதான் முதல். அதே வருடம் பக்கிங்ஹாம் அரண்மனையிலும் ஆடினார்கள். நியூயார்க்கிலோ, கறுப்பு ரசிகர்களை அரங்கின் மாடி இருக்கைகளுக்கு அனுப்பிவிட்டார்கள்!

எனக்கு ரொம்பப் பிடித்தது 1921இல் நியூயார்க்கின் 63ஆம் தெரு அரங்கில் நடந்த கதை. நோபல் சிஸ்ஸில், யூபி பிளேக் என்ற கறுப்பினக் கலைஞர்கள் இருவரும் பாட்டமைத்த 'ஷஃபிள் அலாங்' என்ற இசை நாடகம். அதில் ஒரு காதல் பாட்டு, கிண்டலே இல்லாமல். கறுப்பு ஆணும் பெண்ணும் மேடையில் நிஜமாகக் காதலித்தால் வெள்ளை ரசிகர்கள் பொறுக்கமாட்டார்கள் என்பது அன்றைய கணக்கு. முதல் நாள் அந்தப் பாட்டு வந்தபோது தானும் மற்றவர்களும் ஓடத் தயாராக வாசல் பக்கம் நின்றதாக சிஸ்ஸில் பின்னாளில் சொன்னார். பாவம் பிளேக், பியானோவை விட்டு நகர முடியாது. ஆனால் கூட்டம் கைதட்டி, மறுபடி பாடச் சொன்னது. நாடகம் 504 முறை நடந்தது. அதிலும் நகைச்சுவை நடிகர்கள் மில்லரும் லைல்ஸும் கரி பூசிக்கொண்டுதான் வந்தார்கள். அதை விட்டுவிட்டுப் பெருமை பேசக்கூடாது இல்லையா?

அதனால் வேடத்தை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பெண் சிரிப்புக் காட்டாமல், தன் மனதிலிருப்பதைப் பேசுகிற காட்சி ஒன்றாவது இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் இயக்குநரிடம் கேள். நாலு வரி போதும். அவர் முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் பண்ணு, பேசுவோம். அப்பா தூங்கும் நேரமாகப் பார்த்துப் பண்ணு.

அன்புடன்,
அம்மா