நிறுத்து அனுப்புங்கள், இல்லையேல் நிறுத்திவிடுங்கள்

குற்றாலம் சுற்றுவட்டாரத்திலும் மலையடிவாரத் தோப்புகளிலும் ஜிப்லைன் (சாய்வாகக் கட்டிய கம்பியில் தொங்கிக்கொண்டு சறுக்கிப் போவது), கயிற்றுப் பாலம், மரத்துக்கு மரம் தாவும் பாதை எல்லாம் போட்டு நடத்துகிற பூங்கா உரிமையாளர்களுக்கு,

வணக்கம் அண்ணாச்சி.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்ததை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பூங்கா என்று நாங்களும் எழுதப் போவதில்லை. இந்த முறை அங்கே நடந்தது, அடுத்த முறை எங்கேயும் நடக்கலாம். எட்டு வயசுப் பிள்ளை கம்பியின் நடுவில் நாற்பது நிமிடம் தொங்கியது. கீழே அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். மாங்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பு வந்தது, எட்டவில்லை. பிறகு இரண்டு தொரட்டியைச் சேர்த்துக் கட்டினார்கள். கடைசியில் பக்கத்துத் தோப்பிலிருந்து ஏணி வந்துதான் பிள்ளை இறங்கியது. அதுவரைக்கும் மேடையில் நின்ற பையன் சொல்லிக்கொண்டே இருந்தது ஒரே வாசகம்: "பயப்படாத பாப்பா, காத்து அடங்குனதும் தானா வந்துருவ."

தானாக வராது. அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறோம். காற்றாலை இறக்கைகளில் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிறவர்கள் நாங்கள். கயிறு, ஹார்னஸ் (ஆளைத் தாங்க உடம்பில் மாட்டுகிற பட்டை), ஆடிக்காற்று இந்த மூன்றையும் கொஞ்சம் தெரியும். கேட்பது ஒன்றுதான். டிக்கெட் கவுண்டரில் எடை மெஷின் வையுங்கள். அந்த லைனுக்கு உரிய எடை இல்லாதவரைத் தனியாக ஏற்றாதீர்கள்.

ஏன் வராது என்று பார்ப்போம். 150 மீட்டர் நீளக் கம்பி, ஏறுமேடைக்கும் இறங்குமேடைக்கும் 6 மீட்டர் உயர வித்தியாசம், ஆள் தொங்கும்போது நடுவில் 4.5 மீட்டர் தொய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவருக்கு முழுக்க இறக்கமாகத் தெரியும். ஆனால் கம்பியின் வயிறு, அதாவது ஆகத் தாழ்ந்த இடம், ஏறுமேடையிலிருந்து 100 மீட்டரில் விழுகிறது. மிச்சம் 50 மீட்டரும் ஏற்றம். அந்த 50 மீட்டரில் ஆள் 2 மீட்டர் மேலே ஏற வேண்டும். உராய்வையும் காற்றையும் கணக்கில் சேர்க்காமலே, வயிற்றைக் கடக்கும்போது மணிக்கு 23 கிலோமீட்டர் வேகமாவது இருந்தால்தான் டிராலி, அதாவது ஆளைத் தாங்கிக் கம்பியில் ஓடுகிற சக்கரம், இறங்குமேடையைத் தொடும். குறைந்தால் பாதி ஏற்றத்தில் நின்று, பின்னால் உருண்டு, முன்னும் பின்னும் ஆடி, கடைசியில் வயிற்றில் உட்கார்ந்துவிடும். அப்புறம் காற்று அடங்கினால் என்ன, அடங்காவிட்டால் என்ன? கிணற்றில் விழுந்த வாளி மழை விட்டதும் மேலே வருமா? பிள்ளைக்குக் கம்பி இவ்வளவு தொய்யாது, ஏற்றமும் இதைவிடக் குறைவுதான். ஆனால் வயிறு என்று ஒன்று கட்டாயம் இருக்கும்.

இதில் எடை எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். பூமி இழுப்பது எடைக்குத் தக்கபடி. காற்று தடுப்பது உடம்பு காட்டுகிற பரப்புக்குத் தக்கபடி. 25 கிலோ பிள்ளை, 75 கிலோ ஆளின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் காற்றுக்கு அவள் காட்டுகிற பரப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைவதில்லை, ஏறத்தாழ பாதிக்கு நிற்கிறது. இழுவை மூன்றில் ஒன்று, தடை பாதி. அப்பா போன வேகத்தில் பிள்ளை போகாது. காற்றே இல்லாத நாளில் இது சமாளித்துப் போகும்.

ஆனால் நம் ஊரில் உங்களுக்குக் கூட்டம் வருவது எப்போது? சாரலில். சாரல் எப்போது? ஆடியில். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து இறங்குகிற காற்றை நம்பித்தான் சுரண்டை வரைக்கும் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். உங்களில் பலர் லைனைக் கிழக்கிலிருந்து மேற்கே போட்டிருக்கிறீர்கள், ஆள் இறங்கும்போது மலையும் மேகமும் முன்னால் தெரிய வேண்டும் என்று. படத்துக்கு நல்லதுதான். காற்று நேராக முகத்தில் அடிக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அம்மியை நகர்த்துகிற காற்றுக்கு எதிரே 25 கிலோ பிள்ளையை அனுப்புகிறோம்!

அதனால் திரும்பவும் கேட்கிறோம், மெஷின் வையுங்கள். "எத்தனை கிலோ?" என்று வாயால் கேட்பது எடை பார்ப்பது ஆகாது. பிள்ளையை ஏற்றிவிட வேண்டும் என்று அப்பா ஐந்து கிலோ கூட்டிச் சொல்வார். பெரியவர்கள் பத்து கிலோ குறைத்துச் சொல்வார்கள். முதல் பொய் நடுவில் தொங்கும், இரண்டாவது பொய் இறங்குமேடைத் தூணில் போய் மோதும். பல இடங்களில் பிரேக் என்பது இன்னமும் கையில் ஒரு தோல் கிளவுஸ். சாரலில் கம்பி நனைந்தால் அந்தக் கிளவுஸ் வழுக்கும். அதிலும் குற்றாலத்துக்கு வருகிறவர் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிறவர். அந்தக் கையில் பிரேக்கை ஒப்படைக்கலாமா? ஆள் கை வைக்காமலே தானாக நிறுத்துகிற ஸ்பிரிங்கோ பஞ்சி என்கிற ரப்பர் கயிறோ இறங்குமேடையில் இருக்க வேண்டும், அது தவறினால் பிடிக்க இரண்டாவதாக இன்னொன்று.

எடைக்கு வரம்பு எவ்வளவு? உலகத்தில் பல இடங்களில் கீழே 30, 35 கிலோ, மேலே 100, 120 கிலோ என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து நீங்களும் போர்டு எழுதினால் பிரயோசனமில்லை. ஒவ்வொரு லைனுக்கும் அதன் இறக்கம், தொய்வு, காற்று வேறு. கண்டுபிடிக்கிற வழி செலவில்லாதது. 25 கிலோ அரிசிச் சாக்குகள் நாலைந்து எடுத்து, மணல் நிரப்பி, 20, 25, 30, 35, 40 என்று நிறுத்துக் கட்டுங்கள். டிராலியில் மாட்டி, காலையில் காற்று இல்லாதபோது ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக் காற்றில் ஒரு தடவை விடுங்கள். எந்த மூட்டை எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். மூட்டை ஒடுங்கித் தொங்கும், பிள்ளை கையையும் காலையும் விரிக்கும். ஆகவே மோசமான காற்றிலும் மேடையைத் தொடுகிற ஆகக் குறைந்த மூட்டைக்கு மேல் 5 கிலோ கூட்டுங்கள். அதுதான் உங்கள் கீழ்வரம்பு. மேல்வரம்புக்கும் இப்படித்தான், கனமான மூட்டைகளை விட்டுப் பிரேக்கைப் பாருங்கள். லைனைப் போட்டுக்கொடுத்தவர் சொன்ன வரம்பைத் தாண்டாதீர்கள்.

நடுவில் நின்றுபோன மூட்டையை எப்படி எடுப்பது என்று அப்போது ஒரு கேள்வி வருமே, அதுதான் உண்மையான பரீட்சை. மூட்டையை எடுக்கத் தெரியாத இடத்தில் பிள்ளையை ஏற்றலாமா?

எடுக்கிற முறை பெரிய வித்தை இல்லை. இறங்குமேடையில் தனியாக ஒரு டிராலி, ஒரு ஹார்னஸ், இரண்டு ஸ்லிங் (இணைப்புப் பட்டை), நாலு பூட்டுக் கொக்கி, லைன் முழுக்க எட்டுகிற 11 மில்லிமீட்டர் ஸ்டாட்டிக் கயிறு (இழுத்தால் அதிகம் நீளாத கயிறு), இவ்வளவும் ஒரு பையில் எப்போதும் தொங்க வேண்டும். பயிற்சி உள்ள ஒருவர் அந்த டிராலியில் மாட்டிக்கொண்டு இறங்குமேடையிலிருந்து புறப்பட்டால், வயிறு வரைக்கும் அவருக்கு இறக்கம், தானாகவே போய்விடுவார். இடுப்பில் கட்டிய கயிற்றை மேடையில் இருப்பவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். பிள்ளையின் டிராலியைத் தன்னுடையதோடு ஸ்லிங்கால் இணைத்ததும் மேடையிலிருந்து இழுக்கலாம். இருவரும் சேர்ந்து 100 கிலோ என்றாலும், முடிவில் ஏற்றம் 8 சதவீதம் என்றால், இழுக்க வேண்டியது 8 கிலோ பாரம்தான். உராய்வையும் காற்றையும் சேர்த்தாலும் இரண்டு பேர் போதும். பழகிய ஆட்களுக்குப் பத்து நிமிட வேலை. நாற்பது நிமிடம் தொங்கியதற்குக் காரணம் காற்றில்லை, அந்தப் பை இல்லாததுதான்.

நாற்பது நிமிடம் என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் தொடைப் பட்டை அழுத்தி, ரத்தம் காலிலேயே தேங்கும். முதலில் கால் மரக்கும், பிறகு வியர்க்கும், குமட்டும், மயக்கம் வரும். மயங்கியவர் அப்படியே தொங்கினால் அரை மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம். எங்கள் வேலையில் கயிற்றில் ஏறுமுன் கற்றுக்கொள்கிற முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. அன்றைக்குக் கீழே நின்றவர்கள் பிள்ளையிடம் "ஆடாத, அசையாத" என்று கத்தினார்கள். சொல்லியிருக்க வேண்டியது நேர் எதிர். முட்டியை மடக்கித் தூக்கு, சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை ஆட்டிக்கொண்டே இரு. இன்னொன்று, பிள்ளைகளுக்கு இடுப்பு ஹார்னஸ் மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். இடுப்பு ஒடுக்கம், தலைப்பக்கம் கனம், தலைகீழானால் நழுவிவிடும். தோளோடு சேர்ந்த முழு ஹார்னஸ் வேண்டும்.

கம்பியைக் கட்டியிருக்கிற கிளிப்புகளைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு ஒரு முனையில் குறைந்தது மூன்று கிளிப், அடிப்பாகம் பாரம் தாங்குகிற கம்பியில், வளைந்த யூ போல்ட் வால் முனையில், அதாவது மடக்கிவிட்ட மிச்சக் கம்பியில். ஒன்றை இப்படி ஒன்றை அப்படி மாற்றி மாற்றிப் போட்டால் பார்க்க அழகு, யூ போல்ட் பாரக் கம்பியை நசுக்கிவிடும். பாரம் ஏறிய பிறகு நட்டைத் திரும்ப முறுக்க வேண்டும். கயிற்றுப் பாலங்களில் ஆளின் ஹார்னஸில் இருக்கிற இரண்டு கொக்கிகளில் ஒன்றாவது எந்த நேரமும் கம்பியில் இருக்க வேண்டும், இரண்டையும் ஒன்றாகக் கழற்றுகிற நொடிதான் ஆபத்து. துப்பட்டாவும் விரித்த தலைமுடியும் டிராலிச் சக்கரத்துக்குள் போகும், கட்டி உள்ளே சொருகிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். 2018-இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் வெளியிட்ட சாகசச் சுற்றுலா நெறிமுறைகளில் ஜிப் வயருக்கும் உயரக் கயிற்றுப் பாதைக்கும் தனிப் பகுதியே இருக்கிறது. ஆனால் அதைப் படித்த அடையாளம் எங்கும் தெரியவில்லை.

உங்களிடம் எல்லாமே இருக்கிறது. ரீல்ஸ் எடுக்க ட்ரோன் இருக்கிறது. கார் நிறுத்தத் தனி டோக்கன் இருக்கிறது. என்ன ஆனாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று இங்கிலீஷில் அச்சடித்த தாள் இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறவருக்குப் படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. திருநெல்வேலியில் கால் கிலோ அல்வா வாங்கினால் தராசு முள் நிற்கிற வரைக்கும் பொறுமையாகப் பார்த்து, ஒரு துணுக்கு கூட்டியோ குறைத்தோ வைத்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தராசுக்கு முத்திரை போடவும் ஆள் வருகிறார். இலையில் கட்டுகிற அல்வாவுக்கு அவ்வளவு மரியாதை. இரும்புக் கம்பியில் மாட்டித் தள்ளிவிடுகிற பிள்ளைக்குத் தராசு கிடையாது.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். தோப்பை விற்று பிளாட் போடாமல், மரத்தை நிற்கவிட்டு, ஊர்ப் பையன்களுக்கு வேலையும் கொடுத்து நடத்துகிறீர்கள். நீங்கள் மூட வேண்டும் என்பது எங்கள் எண்ணமில்லை.

காற்றுக்கும் ஒரு அளவு வேண்டும். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை. எவ்வளவு பெரிய ஆள் சென்னையிலிருந்து வந்து கெஞ்சினாலும் போலீஸ்காரர் விடுவதில்லை, யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. உங்கள் ஜிப்லைனுக்கும் அப்படி ஒரு வளைவு வையுங்கள். கையில் பிடிக்கிற சின்னக் காற்றுமானி ஒன்று வாங்கி, எந்த வேகத்துக்கு மேல் லைன் கிடையாது என்பதை மூட்டை சோதனையிலேயே முடிவு செய்து, போர்டில் தமிழில் எழுதுங்கள். இடி கேட்டால் நிறுத்துங்கள், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆனபிறகு திறவுங்கள். ஐப்பசியில் இது கட்டாயம் வேண்டியிருக்கும்.

எடை குறைந்த பிள்ளை வந்து அழுதால் திருப்பி அனுப்ப மனம் வராது, தெரியும். பயிற்சி பெற்ற கைடு ஒருவரோடு ஜோடியாக அனுப்பலாம், இருவர் எடையும் சேர்த்து மேல்வரம்புக்குள் இருக்க வேண்டும். அதற்கும் நிறுக்கத்தான் வேண்டும். பழைய பேப்பர் கடையில் வைத்திருக்கிற மாதிரி பலகைத் தராசு ஒன்று, சாரல் படாமல் கவுண்டருக்குள். எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம், பெரியவர்கள் சங்கடப்படுவார்கள். வரம்புக்குள் இருந்தால் கையில் ஒரு பச்சை நாடா கட்டிவிடுங்கள், மேடையில் நிற்கிற பையன் நாடாவைப் பார்த்து ஏற்றட்டும்.

காலாண்டுப் பரீட்சை லீவுக்குப் பள்ளிக்கூடப் பஸ்கள் வரத் தொடங்கும். அதற்கு முன்னால் மெஷின் வந்துவிட வேண்டும் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறோம். சாக்கும் மணலும் நாங்களே கொண்டுவருகிறோம். கூட்டம் இல்லாத ஒரு திங்கட்கிழமை சொல்லுங்கள், காலை ஏழு மணிக்கு நாலு பேர் வருகிறோம். டீ மட்டும் உங்கள் கணக்கு.

இப்படிக்கு,
காற்றாலைக் கயிற்று வேலைக்காரர்கள் சிலர்,
திருநெல்வேலிச் சீமை