பழைய சீசர், கொடி எங்கே?

யாழ்ப்பாணத்துக் குடும்பநல உத்தியோகத்தர் அக்காமாருக்கு,

வணக்கம். வெயில் மழை பாராமல் ஸ்கூட்டியில் ஒழுங்கை ஒழுங்கையாக வந்துபோகும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பெரிய டொக்டர்மாருக்கு முன்னால் எங்கள் பெண்கள் வாய் திறப்பது குறைவு. உங்களிடம் எல்லாம் சொல்வார்கள்.

என் தங்கைக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் சீசர், வயிற்றைக் கீறி எடுத்தவை. மூன்றாவதில், கர்ப்பத்தின் 31ஆம் கிழமை, ஒருநாள் விடியப்புறம் நோவே இல்லாமல் படுக்கை இரத்தத்தில் நனைந்தது. கொண்டு ஓடினோம். அங்கேதான் அவளுடைய கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்த ஒரு வரியை வாசித்துச் சொன்னார்கள்: நச்சுக்கொடி, அதாவது பிள்ளைக்கு ஊட்டம் கொடுக்கும் நஞ்சு, கருப்பையின் கீழ்ப்பக்கத்தில் பழைய தழும்பின் மேல் கிடக்கிறது. அந்தக் கொப்பியை இரண்டு மாதமாக நாங்கள் சாமித்தட்டில் வைத்திருந்தோம்! இருவரும் தப்பினார்கள். கருப்பையைத்தான் எடுக்க வேண்டி வந்தது.

பிள்ளை பிறந்ததும் தானாகக் கழன்று வரவேண்டிய கொடி, தழும்புள்ள இடத்தில் ஆலம்வேர் சுவருக்குள் போவதுபோல் தசைக்குள் இறங்கிவிடலாம். சிலருக்குச் சலப்பையையும் பிடிக்கும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் இரத்தம் ஓடும். பிய்க்கப் போனால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கொடி கீழே இருந்த பெண்களில் முதல் சீசரில் 3 சதவீதத்தினருக்கும், இரண்டாவதில் 11 சதவீதத்தினருக்கும், மூன்றாவதில் 40 சதவீதத்தினருக்கும் இப்படி ஒட்டியிருந்தது. நட்சத்திரம் பார்த்து முதல் பிள்ளைக்கே சீசர் கேட்கும் வீடுகளில் இந்தக் கணக்கையும் சொல்லுங்கள். மாமிமாருக்கு முக்கியமாக.

நான் கேட்பது சின்ன விஷயம். முன்பு சீசர் செய்தவர்களின் கொப்பி முன்பக்கத்தில் சிவப்புப் பேனையால், தமிழில், ‘பழைய சீசர், கொடி எங்கே?’ என்று எழுதிவிடுங்கள். 20ஆம் கிழமை ஸ்கானில் கொடி கீழே என்றால், வீட்டுக்காரரையும் இருத்தி விளங்கப்படுத்துங்கள். பலருக்கு அது பிறகு மேலே போய்விடும், சரி. ஆனால் 32இல் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் இரத்தப் பைகளை ஆயத்தமாக வைத்து, 35ஆம் கிழமை அளவில் நாள் குறித்து எடுக்கலாம். நெடுந்தீவுத் தாய் என்றால் கடைசி மாதங்களில் பட்டணத்தில் உறவு வீட்டில் நிற்கச் சொல்லுங்கள். குறிகட்டுவானுக்கு வரும் படகில் இரத்தம் போகத் தொடங்கினால் யார் என்ன செய்வது?

தங்கையின் கொப்பி என்னிடம் இருக்கிறது. கிளினிக்கில் மற்றத் தாய்மாருக்குக் காட்ட விருப்பமென்றால், அவள் பெயரை மறைத்துக் கொண்டுவந்து தருகிறேன். அவளும் சம்மதித்துவிட்டாள்.

இப்படிக்கு,
ஒரு தமையன்