தூரத்து மனிதருக்குக் கண் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையும் நீருமாக நிலக்காட்சி வரையும் சீன மலைநீர் ஓவியங்களுக்குள் கார்ட்டூன் உருவங்களைக் கொண்டுவரும் இன்றைய ஓவியர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதற்கு இந்த இதழில் வந்திருக்கும் மறுப்புக் கடிதத்தையும் படித்தேன். கட்டுரையாளருக்கு இது இதுவரை யாரும் செய்யாத புரட்சி. கடிதம் எழுதியவருக்கு இது ஆயிரம் வருஷத்து மரபின் முகத்தில் மீசை வரைகிற வேலை. இரண்டு பேருமே கார்ட்டூனை வெளியூரிலிருந்து வந்து இறங்கிய ஆளாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் ஒப்பவில்லை.

சிங்கப்பூரில் இருந்த காலத்தில், வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சீன மை ஓவியம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பது பெரிய வார்த்தை. இரண்டு வருஷம் காகிதத்தைப் பாழாக்கினேன். ஒருநாள் பெரிய பாறை, அடியில் படகு, படகில் கடுகளவு மீனவர் என்று வரைந்து முடித்து, அந்த மீனவருக்கு ஆசையாக இரண்டு கண்ணும் வைத்தேன். ஆசிரியை பார்த்துவிட்டுச் சிரித்தார். "தூரத்து மனிதருக்குக் கண் இல்லை" என்றார். தூரத்து மரத்துக்குக் கிளை இல்லை, தூரத்து மலைக்குப் பாறை இல்லை என்று அந்தச் சூத்திரம் தொடரும். தாங் அரச வம்சக் காலத்துக் கவிஞரும் ஓவியருமான வாங் வெய் பெயரில் வழங்குவது. அளவுக்கும் அதில் கணக்கு உண்டு: மலை பத்தடி என்றால் மரம் ஓரடி, குதிரை ஓர் அங்குலம், மனிதர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு.

பத்தில் ஒரு பங்கு அங்குலத்தில் யாரை வரைந்தாலும் அது கார்ட்டூனாகத்தான் வரும். 1679இல் அச்சேறத் தொடங்கிய 'கடுகுத் தோட்ட' ஓவியக் கையேட்டில் பக்கம் பக்கமாக இந்தக் குட்டி மனிதர்கள் இருக்கிறார்கள். கைத்தடியோடு நிற்பவர், தூண்டில் போடுபவர், பாலம் கடப்பவர். தலைக்கு ஒரு வட்டம், அங்கிக்கு நாலைந்து கோடு. பழகுகிறவர்கள் இவர்களைப் பார்த்துத்தான் தங்கள் மலையடிவாரத்தில் இறக்கினார்கள். ஆக, கோட்டுருவ ஆசாமிகள் அந்த மலைகளில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறார்கள்.

கட்டுரையில் சீனக் கார்ட்டூனிஸ்ட் ஃபெங் ஸிகாய் பெயரே வராதது எனக்குப் பெரிய ஏமாற்றம். 1898இல் பிறந்து 1975இல் இறந்தவர். கார்ட்டூனைக் குறிக்கும் 'மன்ஹுவா' என்ற சொல் சீனத்தில் பரவியதே 1925இல் இவருடைய படங்கள் அந்தப் பெயரோடு பத்திரிகையில் வந்த பிறகுதான். கார்ட்டூனிஸ்ட் என்றாலும் கையில் இருந்தது தூரிகையும் மையும்தான். இவருடைய மனிதர்களில் பலருக்குக் கண், மூக்கு, வாய் எதுவும் இருக்காது. வெறும் முட்டை முகம். ஆனால் முதுகு வளைந்திருக்கும் விதத்திலேயே அந்த ஆள் களைத்திருக்கிறாரா, நிலாப் பார்க்கிறாரா என்று தெரிந்துவிடும். என் ஆசிரியை சொன்ன சூத்திரத்தை இவர் பக்கத்து மனிதருக்கும் பொருத்திவிட்டார் என்றே நினைக்கிறேன். உயிர்களைக் கொல்லாமை பற்றி இவர் வரைந்த தொகுதிகள் ஆறு. குருநாதர் ஹோங்யி துறவிக்கு ஐம்பது வயதானபோது ஐம்பது படம், அறுபதுக்கு அறுபது என்று தொடங்கி, குரு மறைந்த பின்னும் விடாமல் நூறு வரை கொண்டுபோய் மொத்தம் 450 படங்கள். கடைசித் தொகுதியைக் கலாசாரப் புரட்சிக் காலத்தில் ஒளித்து ஒளித்து வரைந்தார். புத்தகமாகப் பார்க்க அவர் இல்லை.

அப்புறம் ஷாங்காய் அசைபட (அனிமேஷன்) ஸ்டுடியோ. மை ஓவியர் சி பைஷி வரைந்த இறால், தவளை, குஞ்சுகளின் சாயலில் தலைப்பிரட்டைகள் தாயைத் தேடிப் போகும் படத்தை 1960இல் எடுத்தார்கள். 1963இல் இன்னொரு மை ஓவியர் லி கெரானின் எருமைகளை வைத்து 'மேய்ப்பனின் குழல்'. சீனக் காகிதம் மையை உறிஞ்சி ஓரத்தைக் கசியவிடும். செல்லுலாய்டு தாள் உறிஞ்சாது. அதனால் ஒரே உருவத்தைச் சாயல் சாயலாகப் பிரித்துப் பல தாள்களில் எழுதி, அடுக்கடுக்காகப் படம்பிடித்து அந்தக் கசிவை உண்டாக்கினார்கள். கட்டுரையாளர் கொண்டாடும் சேர்க்கை அசைந்தே காட்டி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மேற்கிலிருந்து அமெரிக்க ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைனைச் சொல்ல வேண்டும். 1961இல் மிக்கி மவுஸையும் டொனால்டு டக்கையும் பெரிய கான்வாஸில் வரைந்தவர், 1997இல் இறப்பதற்கு முந்தைய ஓரிரு வருஷங்களில் சீன நிலக்காட்சிகள் வரைந்தார். காமிக்ஸ் அச்சில் வருமே அந்தப் புள்ளிகள், அவற்றையே சிறிதும் பெரிதுமாக்கிப் பனிமூட்டம் செய்திருக்கிறார். அந்த மூட்டத்துக்குள் எங்கேயோ ஒரு படகு, ஒரு சிறு உருவம். மிக்கியை அவ்வளவு பெரிதாகப் போட்ட கைக்கு, கடைசியில் மனிதரைச் சிறிதாக்கத் தோன்றியிருக்கிறது.

தைவான் ஓவியர் யாவ் ருய்-சுங் எனக்கு இன்னும் பிடித்தவர். பழைய மலைநீர் ஓவியங்களை எடுத்துக்கொண்டு பேனாவால் நெளிநெளியான கோடுகளில் திருப்பி எழுதுகிறார். மூலத்தில் வெறுமையாக விட்ட வானத்தில் தங்க ரேக்கு ஒட்டுகிறார். பழைய அறிஞர் உட்கார்ந்திருந்த இடத்தில் கொம்பு முளைத்த பேய் ஒன்று சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். அது பெரும்பாலும் அவரேதான். காகிதம் இந்தியாவில் செய்த கைக்காகிதம் என்பதில் எனக்குக் கொஞ்சம் அற்பப் பெருமையும் உண்டு. முக்கியமாக, பேயாக இருந்தாலும் அது மலைக்கு அடங்கிய பேய். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மறுப்புக் கடிதக்காரரோடு நான் ஒத்துப்போகும் இடம் இதுதான். படத்தின் நடுவில் உருண்டைக் கண்ணோடு ஒரு பொம்மையைப் பெரிதாக நிறுத்தி, பின்னால் பனி, அருவி, பைன் மரம் என்று போட்டால் மலை வெறும் திரைச்சீலை ஆகிவிடுகிறது. பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் நமக்குப் பின்னால் தொங்குமே, அது மாதிரி. ஆனால் மரபின் புனிதம் கெட்டது என்று மட்டும் சொல்ல வேண்டாம். சியென்லுங் பேரரசர் செய்யாததையா இவர்கள் செய்துவிட்டார்கள்? பழைய ஓவியர் ஹுவாங் கோங்வாங்கின் ஃபுச்சுன் மலைச் சுருளின் நகலொன்றை அசல் என்று நம்பி, இருந்த வெற்றிடத்தில் எல்லாம் ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதித் தள்ளினார். அடுத்து அசல் வந்தபோது அதைப் போலி என்று ஒதுக்கிவிட்டார். அந்தத் தவறான தீர்ப்பால்தான் அசல் அவர் எழுத்திலிருந்து பிழைத்தது.

கடைசியாக உங்களிடம் ஒரு குறை. கட்டுரையின் முதல் பக்கத்தில் பழைய சீன ஓவியர் ஃபான் குவானின் 'மலைகளுக்கும் ஓடைகளுக்கும் இடையே பயணிகள்' ஓவியத்தைப் போட்டிருக்கிறீர்கள். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான பட்டுச் சுருள். தைபேய் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் தலைப்புக்கு இடம் விடுவதற்காகக் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டீர்கள். அருவியும் பாறையும் கம்பீரமாக இருக்கின்றன, சரி. ஆனால் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு வலது மூலையில் வரும் அந்தப் பயணிகளைக் காணோம். அவர்களுக்குப் பின்னால் இலைகளுக்குள் ஒளிந்திருக்கும் ஓவியரின் கையெழுத்தையும் காணோம். 1958இல்தான் அதை ஒருவர் கண்டுபிடித்தார். அடுத்த இதழில் முழுப் படத்தையும் ஒருமுறை போடுங்கள். கறுப்பு வெள்ளையில் அரைப் பக்கம் போதும், நான் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்