பயிர் என்னுடையது, பணம் பட்டாவுக்கு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கும் முகாம் நடந்தது. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். பட்டா எங்கே என்றார்கள். குத்தகைக்குச் செய்கிறேன் என்றேன். சரி, நிலத்துக்காரரை வரச் சொல்லுங்கள் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மன்னார்குடி பக்கம் 9 மா நிலம், அதாவது 3 ஏக்கர், 22 வருடமாக என் கையில் இருக்கிறது. அதற்கு முன்னால் அப்பா செய்தார். மாவுக்கு 3 மூட்டை நெல் குத்தகை. எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை கொடுக்கும் பி.எம். கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. 2019-ல் தொடங்கிய நாளிலிருந்து நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அது போகிறது. எங்கள் நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார், நல்ல மனிதர். ஒருமுறை அவர் மகன் போன் செய்து, பதிவைச் சரிபார்க்க சர்வே எண் வேண்டும், அப்பாவுக்கு ஞாபகம் இல்லை என்றார். உட்பிரிவோடு நான்தான் சொன்னேன். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, விதி அப்படி இருக்கிறது. ஆனால் டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய், யூரியா 266 ரூபாய் 50 காசு. ஒரு தவணைப் பணத்தில் டி.ஏ.பி. ஒன்றும் யூரியா இரண்டும் வாங்கிவிடலாம். நடவு முடிந்ததும் அந்த உரத்துக்குத்தான் என் மனைவியின் தோடு அடகுக்குப் போகிறது.

குத்தகைதாரர்களைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலத்துக்காரர் பயப்படுகிறார். பதியச் சொல்லிக் கேட்டால் அடுத்த போகம் வேறு ஆளிடம் போய்விடும் என்று நாங்கள் பயப்படுகிறோம். எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

இந்தப் பயத்துக்கு ஆந்திராவில் 2019-ல் ஒரு வழி கண்டார்கள். 11 மாதத்துக்கு மட்டும் சாகுபடி உரிமை அட்டை. நிலத்தின் உரிமையில் அது கை வைக்காது. கடன், காப்பீடு, நிவாரணம் போன்றவற்றுக்குச் செல்லும். அதே வருடம் அங்கே வந்த ரைத்து பரோசா என்ற விவசாயிகள் உதவித்தொகைத் திட்டத்தில் பட்டியல் இன, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகை விவசாயிகளுக்கும் பணம் கொடுத்தார்கள். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம் என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது. பிரீமியம் கட்டும்போது விவசாயியாக இருக்கிற நான், உதவித்தொகை வரும்போது மட்டும் எப்படி இல்லாமல் போகிறேன்?

சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமத்தில் எழுதும் கணக்குதான் அடங்கல். இந்தப் போகத்துக்கு அதை எழுதும்போதாவது பட்டாதாரர் பெயரோடு பயிர் செய்கிறவர் பெயரையும் எழுத வேண்டும். அந்த அடங்கலை வைத்து 11 மாத அட்டை கொடுக்க வேண்டும், அடையாள எண்ணும் கொடுக்க வேண்டும். இதை அரசின் காதுக்குக் கொண்டுபோகும்படி உங்கள் நாளிதழைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குத்தகை விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.