ட்விட்ச் சாட்டுக்கு அடியில ஓடுறது ஐஆர்சி

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க டெக் பக்கத்துல லைவ் ஸ்ட்ரீமிங் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ட்விட்ச்ங்கற லைவ் ஸ்ட்ரீமிங் தளத்தோட சாட்டை என்னமோ அவங்களே புதுசா கண்டுபிடிச்ச மாதிரி எழுதியிருக்கறது தான் கொஞ்சம் இடிக்குது. அதுக்கு அடியில ஓடுறது ஐஆர்சிங்க (IRC, இணையத்துல குரூப்பா சாட் பண்றதுக்கான பழைய முறை), 1988-ல பின்லாந்துல யார்க்கோ ஓய்கரினென் எழுதின அதே சரக்கு. ஹெக்ஸ்சாட், வீசாட் (WeeChat) மாதிரி சாதா ஐஆர்சி கிளையன்ட்லயே, அதாவது ஐஆர்சி சாட் ஆப்லயே, ட்விட்ச்சோட ஐஆர்சி சர்வரையும் 6697 போர்ட்டையும் போட்டு பாஸ்வேர்டு இடத்துல ஓஆத் டோக்கனை (நம்ம கணக்குக்கு ட்விட்ச் குடுக்கற ரகசிய சாவி) குடுத்தா சாட் வந்து கொட்ட ஆரம்பிச்சுடும்.

நமக்கும் சர்வருக்கும் நடுவுல இசட்என்சின்னு ஒரு பவுன்சரை, அதாவது நமக்கு பதிலா எப்பவும் கனெக்ட் ஆகியே இருக்கற புரோகிராமை, வச்சுட்டா இன்னும் வசதி. நம்ம நெட் போனாலும் அது பாட்டுக்கு சேனல்ல உக்காந்திருக்கும், நாம திரும்ப வந்ததும் விட்டுப்போன மெசேஜைக் காட்டும். ஆனா சேனலுக்கு 50 வரி தான் சேத்து வைக்கணும்னு அப்படியே விட்டா பத்தாது, பெரிய ஸ்ட்ரீமர் சாட்ல அது நொடியில ஓடிடும், கூட்டி வைங்க. எமோட் எல்லாம் (ட்விட்ச்சோட குட்டி முகப் படங்கள்) படமா வராது, கப்பான்னு அதோட பேரு வெறும் வார்த்தையா தான் நிக்கும், பேட்ஜ், பேர் கலர் வேணும்னா மெசேஜோட கூடுதல் விவரமான டேக்ஸ் குடுன்னு சர்வர் கிட்ட தனியா கேக்கணும்.

இதெல்லாம் அழகா காட்டுற சாட்டரினோங்கற ட்விட்ச் சாட் ஆப்பை பவுன்சர் வழியா விடலாம்னு பாத்தா அங்க தான் சிக்கல். சர்வர் அட்ரஸை என்விரான்மென்ட் வேரியபிள்ங்கற கம்ப்யூட்டர் செட்டிங்ல மாத்திக்க வழி இருக்கு, ஆனா அது பாஸ்வேர்டா அனுப்புறது ட்விட்ச் டோக்கனை, இசட்என்சி எதிர்பாக்கறது அதோட சொந்த யூசர் பேரு, நெட்வொர்க், பாஸ்வேர்டை. ரெண்டும் ஒட்டாது, நடுவுல ரெண்டையும் இணைக்கிற மாதிரி சின்னதா ஒரு ப்ராக்ஸி புரோகிராம் எழுதினா தான் உண்டு. (வாடகை சர்வர்ல பவுன்சர் வைக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, அந்த டோக்கனும் பாஸ்வேர்டு மாதிரி தான், கண்டவங்க கைக்குப் போகக்கூடாது.)

இவ்வளவும் முடியறதே ட்விட்ச் அந்த கதவை மூடாம வச்சிருக்கறதால தான். அதுலயும் பாதி போயிடுச்சு, 2023 பிப்ரவரியில இருந்து பேன், டைம்அவுட் மாதிரி மாடரேட்டர் கமாண்டெல்லாம் ஐஆர்சி வழியா வேலை செய்யறதில்ல, ஏபிஐ (வெளி புரோகிராமுக்குன்னு ட்விட்ச் வச்சிருக்கற தனி வழி) வழியா தான் போகணும். இதைப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வார்த்தை கூட இல்ல. அடுத்த தடவை ஆப் பேரை வரிசையா அடுக்கறதோட நிறுத்தாம, எந்த சேவை வெளி கிளையன்ட்டை உள்ள விடுது, எது விடலைன்னும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை