பூங்கா நாணயம் வாங்கும் முன் விளிம்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ பிள்ளையை அனுப்பாத தெரு வேலூர், காட்பாடிப் பக்கம் குறைவு. அவர்கள் ஊர் திரும்பும்போது மிஞ்சிய சில்லறையோடு, தேசியப் பூங்காப் படம் பொறித்த கால் டாலர் நாணயங்களும் வந்து சேர்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் ஆசையாகச் சேர்க்கிறார்கள், நல்ல பழக்கம். ஆனால் அதே நாணயத்தை ‘வெள்ளி’, ‘அபூர்வம்’ என்று சொல்லி விற்பவர்கள் சிலர் அவர்களிடமே நூற்றுக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். விவரம் தெரிந்தால் ஏமாற வேண்டியதில்லை.

இந்த வரிசை 2010-இல் தொடங்கி 2021-இல் முடிந்தது. 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், 5 ஆட்சிப்பகுதிகள் என மொத்தம் 56 வடிவங்கள். எல்லாமே தேசியப் பூங்கா அல்ல; காடு, கோட்டை, நினைவிடமும் உண்டு. அந்தந்த இடம் முதன்முதலில் அரசுப் பாதுகாப்புக்குள் வந்த வரிசைப்படியே நாணயமும் வந்தது. அதனால்தான் 1872-இல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் இரண்டாவதாக நிற்கிறது. 1832-லேயே ஒதுக்கப்பட்ட ஹாட் ஸ்பிரிங்ஸ் முதலில் வருகிறது. ஆல்பம் அடுக்குவோர் இந்த வரிசையைப் பின்பற்றினால் எது விடுபட்டது என்பது உடனே தெரியும்.

சாதாரண நாணயம் செம்பு நடுவில், செம்பு-நிக்கல் இருபுறமும் வைத்து அடித்தது. எடை 5.67 கிராம், குறுக்களவு 24.26 மி.மீ. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் செம்பு நிறக் கோடு தெரியும். கோடு தெரிந்தால் அது வெள்ளி இல்லை, விற்பவர் என்ன சொன்னாலும் சரி. புழங்கிய நாணயமாக இருந்தால் அதன் மதிப்பு இருபது ரூபாயைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வெள்ளியில் அடித்தவை சேகரிப்பாளர்களுக்கென்றே பளபளப்பாக அடிக்கும் ‘புரூஃப்’ நாணயங்கள்; விளிம்பு முழுக்க வெண்மையாக இருக்கும். 2018 வரை 90 சதவீத வெள்ளி, எடை 6.25 கிராம், 2019 முதல் 99.9 சதவீதம், எடை இன்னும் சற்றுக் கூடும். நகைக்கடைத் தராசில் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம்: இரும்புப் போலியை அது காட்டிக்கொடுக்கும், ஆனால் வெள்ளியும் செம்பு-நிக்கலும் இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது.

அடுத்து, முன்புறத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் தலையின் பின்னல் அருகே உள்ள சிறு எழுத்து. அது எந்த ஊர் நாணயச் சாலையில் அடித்தது என்பதைக் காட்டும். ‘பி’ ஃபிலடெல்ஃபியா, ‘டி’ டென்வர். ‘எஸ்’ என்றால் சான்பிரான்சிஸ்கோ. அந்த எழுத்தைக் காட்டி வெள்ளி என்பார்கள், ஆனால் செம்பு-நிக்கலிலும் ‘எஸ்’ உண்டு. அரிதானது என்பதால் தேட வேண்டியது வெஸ்ட் பாயின்ட் நாணயச் சாலையின் ‘டபிள்யூ’. 2019, 2020 ஆண்டுகளின் பத்து வடிவங்களில் மட்டும், வடிவத்துக்கு 20 லட்சம் வீதம் அடித்துச் சாதாரணச் சில்லறையோடு கலந்துவிட்டார்கள். உறவினர் கொண்டுவரும் சில்லறையை லென்ஸ் வைத்துப் பார்ப்பது வீண்போகாது.

கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி, எலுமிச்சை, விபூதி போட்டுத் தேய்த்தால் மேற்பரப்பில் கீறல் விழும். சேகரிப்பு மதிப்பு போய்விடும், திரும்பாது. மெல்லிய பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளையும் தவிர்க்க வேண்டும். வேலூர் வெயிலில் அவை இளகி, நாணயத்தில் பச்சை நிறப் பிசின் படியும். பிசின் படிந்தால் கண்ணாடிக் கிண்ணத்தில் கலப்பில்லாத அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசிக் காயவிடலாம். நெயில் பாலிஷ் ரிமூவர் உதவாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு அருகே கூடாது, பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகள் செய்யக் கூடாது. பாதுகாக்க மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒட்டிய அட்டை உறையே நல்லது; ஸ்டேப்ளர் பின்னின் முனையைத் தட்டையாக்கிவிடுங்கள், இல்லையேல் பக்கத்து நாணயத்தைக் கீறும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் வெள்ளி நாணயத்தில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளில் தோலின் மயிரை நீக்கப் பயன்படும் சோடியம் சல்ஃபைடிலிருந்து கிளம்பும் கந்தக வாயு வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ரப்பர் பேண்டும் அதையே செய்யும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

நம் நாட்டிலும் தொடக்கம் இருக்கிறது. புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் 50 ஆண்டு நிறைவுக்காக 2023 ஏப்ரல் 9 அன்று மைசூருவில் 50 ரூபாய் நினைவு நாணயம் வெளியிடப்பட்டது. கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா எனத் தமிழகத்தின் ஐந்து தேசியப் பூங்காக்களுக்கும் மத்திய நிதி அமைச்சகம் ஒரு வரிசை வெளியிட வேண்டும். அதுவரை, கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகம் கோடை விடுமுறையில் மாணவர்களுக்கு நாணயம் பார்த்தறியும் பயிற்சி நடத்தலாம். ஒரு தராசு, ஒரு லென்ஸ், சில கால் டாலர்கள் போதும்.

இப்படிக்கு,
நாணயம் சேகரிப்போர் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.