ரோமப் பேரரசர் முடிசூடிய ராஜா இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ரோமானியக் காசுகள் பற்றி வந்த கட்டுரையில் அழகன்குளம் பற்றிய பகுதி ரொம்ப நன்றாக இருந்தது. ஆனால் காசில் இருக்கும் தலை யாருடையது என்று சொல்ல வந்த இடத்தில், ரோமப் பேரரசர்கள் பாண்டியர்களைப் போலவே தகப்பனுக்குப் பின் மகன் என்று முடிசூடி, சொன்னதே சட்டமாக ஆண்டவர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது தப்பு. மேலூர்ப் பக்கம் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன், பிள்ளைகள் அந்த வரியை அப்படியே நோட்டில் எழுதி வருகிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

ராஜா என்ற பேச்சே ரோமில் ஆகாது. படைத்தலைவர் ஜூலியஸ் சீசர் ராஜா ஆகப் பார்க்கிறார் என்றுதான் கி.மு. 44-இல் செனட் என்ற ஆட்சி மன்றம் கூடிய இடத்திலேயே அவரைக் குத்திக் கொன்றார்கள். அதனால் அவருடைய வாரிசு மகுடம் பக்கமே போகவில்லை. கி.மு. 27-இல் எல்லா அதிகாரத்தையும் செனட்டிடமே திருப்பித் தருவதாக அறிவித்தார். செனட் அவருக்கு அகஸ்டஸ் என்ற பட்டத்தைக் கொடுத்து, படைகள் அதிகம் நின்ற ஸ்பெயின், கால் (இன்றைய பிரான்ஸ் பக்கம்), சிரியா பகுதிகளையும் அவர் பொறுப்பில் விட்டது. கி.மு. 23-இல் டிரிபியூன் அதிகாரம் வந்தது. டிரிபியூன் என்பவர் சாதாரண மக்களின் பாதுகாப்புக்காக இருந்த அதிகாரி. செனட்டைக் கூட்டலாம், சட்டம் கொண்டுவரலாம், மற்ற அதிகாரிகளின் உத்தரவைத் தடுத்து நிறுத்தலாம், அவர் மேல் கை வைத்தால் தெய்வக் குற்றம். அகஸ்டஸ் அந்தப் பதவியில் உட்காரவே இல்லை, அதன் அதிகாரத்தை மட்டும் சாகும்வரை வைத்துக்கொண்டார். கி.மு. 12-இல் தலைமைப் பூசாரியும் ஆனார். எல்லாமே முன்பிருந்த ரோமக் குடியரசில் ஏற்கெனவே இருந்தவைதான். வெவ்வேறு ஆட்கள் கையில் இருக்க வேண்டியது ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அதுதான் பெரிய வித்தியாசம். எகிப்தை மட்டும் தனியாகப் பிடித்து வைத்திருந்தார், அவர் அனுமதி இல்லாமல் செனட் உறுப்பினர் யாரும் அங்கே கால் வைக்க முடியாது. நம் மிளகும் முத்தும் கப்பலில் போய் இறங்கியது அந்த எகிப்தில்தான், நாலில் ஒரு பங்கு சுங்கமாகவே போனது.

வாரிசு விஷயத்துக்கு நம் ஊர்ப் பக்கக் காசே சாட்சி. தென்னிந்தியாவில் நிறையக் கிடைக்கும் அகஸ்டஸின் வெள்ளிக்காசைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள், நடுவில் கேடயமும் ஈட்டியும் இருக்கும். கையஸ், லூசியஸ், அவருடைய மகள் வயிற்றுப் பேரன்கள். மகன்களாகத் தத்தெடுத்து வளர்த்தார். இருவரும் அவர் கண்ணெதிரே செத்துப்போக, கடைசியில் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த திபேரியஸைத் தத்தெடுத்தார். பட்டம் யாருக்கு என்று சட்டத்தில் எங்கேயும் இல்லாததால், முன்பே ஊருக்குக் காட்டி வைக்க வேண்டியிருந்தது. இந்த ஓட்டைதான் பிறகு பெரிதாகி, கி.பி. 193-இல் மெய்க்காவல் படை பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்றுவிட்டு அந்தப் பதவியையே ஏலம் போட்டது. எடுத்த டிடியஸ் ஜூலியானஸ் 66 நாள்தான் இருந்தார்.

படை கையில் இருந்ததால் நடைமுறையில் யாரும் பேரரசர்களை எதிர்க்க முடியவில்லை என்பது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனாலும் அகஸ்டஸுக்குப் பின் வந்த பேரரசர்களில் ஒருவரான வெஸ்பாசியன் பதவிக்கு வந்தபோது, அவர் என்னென்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாக எழுதிச் சட்டம் போட்டார்கள். அந்த வெண்கலத் தகட்டில் ஒரு பகுதி இன்றும் ரோமில் இருக்கிறது. எந்தெந்தச் சட்டம் அகஸ்டஸைக் கட்டுப்படுத்தவில்லையோ, அது இவரையும் கட்டுப்படுத்தாது என்று அதில் வருகிறது. சொன்னதே சட்டம் என்றால் இதை எழுதி வைக்கும் வேலையே இருந்திருக்காதே!

அப்புறம் புதுக்கோட்டைப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் கிடைத்த 501 தங்கக்காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேலேயே உளி வெட்டு இருக்கிறது. செலாவணியாக ஓடக்கூடாது என்று வெட்டியிருக்கலாம் என்பார்கள். எனக்குத் தோன்றுவது, இங்கே அந்த முகத்துக்கு மதிப்பில்லை, தங்கத்தின் எடைக்குத்தான் மதிப்பு. கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருந்தது.

அடுத்த வாரமே ஒரு திருத்தம் போடுங்கள். அதோடு, காசின் இரண்டு பக்கத்தையும் பெரிதாக அச்சிட்டு, சுற்றி இருக்கும் எழுத்துக்கு என்ன பொருள் என்றும் பக்கத்திலேயே தமிழில் போடுங்கள், வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்,
மேலூர், மதுரை மாவட்டம்